பின்கதவுப் பூட்டு நம் வீட்டுப் பூட்டு

கோவில்பட்டி,
17-8-99, செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் பாசமும் உள்ள அத்தான் கிருஷ்ணராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை கோமதியம்மாளின் கணவன் காசிராஜன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாக்பூரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் சுகம் என்று எழுதுவேன். இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் சாகவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியை உட்கார்ந்து படிக்கவும். நின்றுகொண்டு படிக்க வேண்டாம், தங்களுக்கு பிரஷர் உண்டு.

எஸ்.டி.டி. பூத்தில் போய்ப் பேசியிருக்கலாம். பேசவில்லை. போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் பத்து வரி சொல்லிவிடுவீர்கள். கடிதம் என்றால் தாங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். நீங்களும் நானும் சரிபாதி போட்டுக் கட்டிய கட்டடத்தில் போன வியாழக்கிழமை பகல் பதினொன்றே காலுக்குத் தீப்பிடித்தது. கீழே நாங்கள் குடியிருக்கிறோம். நடுமாடியில் நம் வாடகைதாரர் வேல்ராஜின் துணிக்கட்டுகள். உச்சி மாடியில் அவருடைய தையல் மெஷின்கள். புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணி வரும், இங்கே நைட்டியும் பாவாடையுமாகத் தைத்துத் திரும்பிப் போகும். தைக்கிற பெண்கள் இருபத்துமூன்று பேர். தீப்பிடித்தது நடுமாடியில். அந்த இருபத்துமூன்று பேரும் இருந்தது அதற்கு மேலே. இப்போது புரிந்திருக்கும், ஏன் உட்காரச் சொன்னேன் என்று.

சித்திரை மாதமே நகராட்சியிலிருந்து முதல் நோட்டீஸ் வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். இருபது பேருக்கு மேல் வேலை செய்கிற மாடிக் கட்டடம் என்பதால் பின்புறம் ஒரு இரும்புப் படி, தீயணைக்கும் சிலிண்டர் நாலு, மணல் வாளி ஆறு, பழைய சுவிட்ச் போர்டை மாற்றுவது, பின்கதவை எந்நேரமும் திறந்து வைப்பது, அதோடு பொதுப் பாதுகாப்புக் கட்டணம் கட்டித் தீத்தடுப்புச் சான்று வாங்குவது என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் அதை நகல் எடுத்துத் தங்களுக்கு அனுப்பினேன். தாங்கள் பதில் எழுதினீர்கள். சிமெண்டும் கம்பியும் தீப்பிடிக்காது, தீப்பிடிக்காத கட்டடத்துக்குத் தீக்கட்டணம் கட்டுவது தண்ணீர் வராத குழாய்க்குத் தண்ணீர் வரி கட்டுவது மாதிரி, பேசாமல் இரு என்று. நானும் பேசாமல் இருந்தேன். இரண்டாவது நோட்டீஸ் வந்தது, பேசாமல் இருந்தேன். மூன்றாவதில் மாடியைப் பூட்டி சீல் வைப்போம் என்று போட்டிருந்தார்கள். அதற்குமேல் பேசாமல் இருக்கக் கோமதி விடவில்லை.

கட்டணத்தைக் கட்டிவிட்டேன். கையில் கிடைத்த ரசீதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் எனக்குப் புத்தி பிசகிவிட்டது. ரசீதே நம் கட்டடத்தைக் காப்பாற்றும் என்பதுபோல ஒரு தைரியம் வந்துவிட்டது. மீதி வேலைகளைத் தீயணைப்பு ஆபீசர் பார்வையிட வருகிற அன்றைக்கு மட்டும் இருந்தால் போதும் என்கிற கணக்கில் செய்தேன். சினிமா தியேட்டர் மேனேஜர் எனக்குப் பழக்கம். அவரிடம் சிலிண்டர் நாலை ஒருநாள் இரவலாக வாங்கி வந்து சுவரில் மாட்டினேன், சாயங்காலக் காட்சிக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன் என்ற பேச்சோடு. வாளி ஆறுக்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். ஆற்று மணலுக்கு எங்கே போவது, பின்பக்கத்துக் கரிசல் மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அள்ளி நிரப்பினேன், மேல்புறம் மட்டமாக இருக்கட்டுமென்று கரண்டியால் நீவியும் விட்டேன். பழைய சுவிட்ச் போர்டை மாற்றவில்லை, அதன் மேல் ஜவுளிக்கடை காலண்டர் ஒன்றை மாட்டினேன். இரும்புப் படி மட்டும் நிஜமாகவே போட்டேன். அதுவும் பாதிதான் போட முடிந்தது. அடியில் வர வேண்டிய பாகம் சந்தில் இறங்குகிறது, அந்தச் சந்தில் இரண்டடி தன்னுடையது என்று பக்கத்து வீட்டுச் செண்பகராஜ் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது தங்களுக்குத் தெரியும். பட்டறைக்காரர்கள் அடித் தூணுக்குக் குழி தோண்டியதும் அவர் நாற்காலியைக் கொண்டுவந்து குழிக்குள்ளேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆக, படி உச்சி மாடிக் கதவிலிருந்து இறங்கி, செண்பகராஜ் வீட்டு மொட்டை மாடி உயரத்துக்கு வந்து, அந்தரத்தில் நின்றுவிட்டது.

ஐந்தாம் தேதி தீயணைப்பு ஆபீசர் இசக்கிபாண்டி பார்வைக்கு வந்தார். நல்ல மனுஷர். முழங்கால் வலி உள்ளவர், மாடி ஏறுவதற்கே மூச்சு வாங்கினார். சிலிண்டர்களைப் பார்த்துத் தலையாட்டினார். வாளியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் இறங்கவில்லை.

"இது மணலா அண்ணாச்சி?"

"கரிசல் மண்ணு சார். நம்ம ஊர்ல இதுதான கிடைக்கு."

"தீ மேல இதை எப்படிப் போடுவீய?"

"உடைச்சுப் போடுவோம் சார்."

விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "மணல் மாத்திருங்க. நீங்க சொன்னாச் செய்வீயன்னு எழுதிக்கிடுதேன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். உச்சி மாடிப் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார். மேலிருந்து பார்க்கிறவருக்குப் படி நன்றாகத்தான் தெரியும், அடிவரை போகிறதா என்பது இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு திரும்பிவிட்டார். போகும்போது அங்கே மேஸ்திரியாக இருக்கிற அழகுத்தாயிடம், "ஏம்மா, இந்தக் கதவு எந்நேரமும் தொறந்துதான கிடக்கும்?" என்று கேட்டார். அழகுத்தாய் எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரி. ஆடு மேய்த்த குடும்பம், மழை இல்லாமல் போனதும் ஆடுகளை விற்றுவிட்டுத் தையலுக்கு வந்தவள், தினமும் முதல் பஸ்ஸில் வருகிறாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "தொறந்துதான் கிடக்குங்கய்யா" என்றாள். அன்றைக்குத் திறந்துதான் கிடந்தது, அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள் என்பதை நான் கவனித்தேன். முப்பது வருடம் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்தே பிடித்தவன் நான். என் முகம் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

மறுநாளே வேல்ராஜ் என்னிடம் வந்தார். பெண்கள் அந்தப் படியில் போய் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள், சோறு தின்கிறார்கள், அரைமணி வேலை கெடுகிறது என்றார். "அண்ணாச்சி, பூட்டு ஒண்ணு இருந்தாக் குடுங்க, சாயந்தரம் தாரேன்" என்றார். பரணில் கிடந்த பித்தளைப் பூட்டை நானே தேடி எடுத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். ஒரு சாவி அவரிடம், இன்னொரு சாவி நம் வீட்டுச் சாவிக்கொத்தில். அந்தச் சாயங்காலம் பூட்டு திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. பார்வைதான் முடிந்துவிட்டதே.

வியாழக்கிழமை வேல்ராஜ் புதியம்புத்தூர் போயிருந்தார். காலையிலிருந்தே கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது. பதினொன்றே கால் இருக்கும், போன கரண்டு வந்தது, மாடியில் பட் என்று ஒரு சத்தம். கோமதி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், "ஏதோ தீயுத வாடை வருதே, பாருங்க" என்றாள். நான் எங்கேயாவது டயர் எரிப்பார்கள் என்றேன். அவள் மறுபடியும், "இது துணி வாடை" என்றாள். மேலே ஓடினேன். நடுமாடிக் கதவைத் தள்ளினால் காலண்டர் எரிந்துகொண்டிருக்கிறது அத்தான், அதற்குப் பின்னால் சுவிட்ச் போர்டு நீலமாகப் பொரிந்துகொண்டிருக்கிறது, எரிகிற தாள் ஒவ்வொன்றாகக் கீழே இருந்த துணிக்கட்டின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. வாளி ஒன்றைத் தூக்கிக் கவிழ்த்தேன். மண் வரவில்லை. தட்டினேன். வாளி அச்சிலேயே ஒரே கட்டியாக விழுந்து, எரிகிற கட்டைத் தாண்டி உருண்டு போய் மூலையில் நின்றது. இன்னொரு வாளி எடுப்பதற்குள் புகை கண்ணையும் தொண்டையையும் அடைத்துவிட்டது. படிக்குத் திரும்பினேன். மேலே போக வேண்டும் என்று நினைத்தேன், கால் கீழே போனது. இதைக் கோமதியிடமே நேற்றுத்தான் சொன்னேன். கால் கீழேதான் போனது.

தெருவுக்கு வந்து நின்று, எதிர்க்கடைக்காரரிடம் தீயணைப்புக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தால், முன்படி முழுக்கப் புகைபோக்கி மாதிரி ஆகிவிட்டது. உச்சி மாடியில் படிவாசலுக்கு உள்ள இரும்புக் கதவை உள்ளேயிருந்து யாரோ இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. நல்ல வேலை செய்தார்கள், இனிப் பின்கதவு வழியாக வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் பின்பக்கத்திலிருந்து டமார் டமார் என்று கதவை இடிக்கிற சத்தம் வந்தது. அப்போதுதான் அத்தான், பூட்டு நினைவு வந்தது.

சாவிக்கொத்தை ஆணியிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுவது. முன்படியில் போக முடியாது. பின்படியோ அந்தரத்தில் நிற்கிறது. அதை எட்ட ஒரே வழிதான் உண்டு, செண்பகராஜ் வீட்டு மொட்டை மாடி. ஆறு வருடமாக முகம் பார்த்துப் பேசாத மனுஷன் வீட்டுக்குள் செருப்புக்காலோடு நுழைந்தேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

"பின்கதவு பூட்டிக் கெடக்கு. பிள்ளைய பூராவும் உள்ள இருக்கு. சாவி என் கையில" என்றேன்.

"யாரு பூட்டுனது?"

"நான் குடுத்த பூட்டு."

அவர் உடனே எழுந்தார். வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு வெள்ளையடிக்கிற ஏணியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மாடிப்படி ஏறினார். கைப்பிடிச் சுவருக்கும் நம் இரும்புப் படிக்கும் நடுவே சந்து, ஐந்தடி அகலம், கீழே சாக்கடை. ஏணியைக் குறுக்கே போட்டார்.

"ஏறும்."

"வழுக்கிட்டா?"

"நான் பிடிச்சிருக்கேம்லா. ஏறும்வே."

அறுபத்தொரு வயதில் நாலு காலில் அந்த ஏணியைக் கடந்தேன். கீழே பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழேயே பார்த்தபடி போனேன். படி ஏறிக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கொத்தில் பத்தொன்பது சாவிகள். பீரோ சாவி, பெட்டிச் சாவி, பழைய சைக்கிள் சாவி, எதற்கென்றே தெரியாத சாவி ஏழெட்டு. முதல் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. இரண்டாவது நுழையவே இல்லை. மூன்றாவதைத் தேடும்போது கொத்து நழுவிக் கீழே விழுந்தது. படிக்கம்பி இடைவெளியில் மாட்டிக்கொண்டு நின்றது, சந்தில் விழாமல். அதை எடுக்கும்போது உள்ளே ஒரு பெண் அலறி அழுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே அழகுத்தாயின் குரல்.

"ஏட்டி, சத்தம் போடாத. அவிய சாவி பாக்கணும்லா." பிறகு என்னிடம், "அண்ணாச்சி, பதறாதீய. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க. நாங்க இங்கன தரையில உக்காந்துதான் இருக்கோம்" என்றாள்.

மற்ற இருபத்திரண்டு பேரையும் தரையோடு தரையாக உட்கார வைத்து, குடிதண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து முந்தானையை நனைத்து மூக்கில் கட்ட வைத்திருக்கிறாள். கதவின் அடி இடுக்கு வழியாகப் புகை என் கால் பெருவிரல் மேல் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. ஒவ்வொரு சாவிக்கும் உள்ளேயிருந்து, "அது இல்லையா அண்ணாச்சி, சரி, அடுத்ததப் போடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், கடையில் அளவு கேட்கிற மாதிரி நிதானமாக. நடுவில் இருமினாள். இருமல் நிற்க நேரமானது. எட்டாவது சாவி திரும்பியது.

கதவைத் திறந்ததும் புகைதான் முதலில் வந்தது. பிறகு மாரிசெல்வி என்கிற பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, அவளைத்தான் முதலில் அனுப்பினாள் அழகுத்தாய். இதற்குள் செண்பகராஜ் தன் வீட்டு பெஞ்சை ஏணி மேல் கவிழ்த்துப் போட்டுப் பாலம் மாதிரி ஆக்கியிருந்தார். அந்தப் பக்கம் நின்று ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து, "மெதுவா வா தாயி, மெதுவா வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் எண்ணினேன். இருபத்திரண்டு பேர் வந்தார்கள், அடுத்த ஆள் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். அழகுத்தாய் மெஷின் மெஷினாகக் குனிந்து அடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு கடைசியாக வந்தாள். கையைப் பிடிக்க நீட்டினேன். அவள் தன் கையை நீட்டவில்லை. இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து கிடந்தது. முன்படி இரும்புக் கதவை, அது சுடச்சுட இருக்கும்போதே, வெறுங்கையால் இழுத்துச் சாத்தியது அவள்தான். முழங்கையைப் பிடித்து இறக்கினேன்.

தீயணைப்பு வண்டி சீக்கிரமாகவே வந்துவிட்டது. தீயும் அரைமணியில் அடங்கிவிட்டது. நடுமாடி கரி, மற்றபடி கட்டடம் நிற்கிறது. தாங்கள் சொன்னபடி சிமெண்டும் கம்பியும் எரியவில்லை. இசக்கிபாண்டி நனைந்த சட்டையோடு வெளியே வந்து என்னிடம் கேட்டார், சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள், "அண்ணாச்சி, மாடியில சிலிண்டர் நாலு பாத்தேனே, எங்க?"

"தியேட்டர்ல" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் போய் அந்தரத்தில் நிற்கிற படியை அண்ணாந்து பார்த்தார்.

சாயங்காலம் வேல்ராஜ் வந்து, பெண்கள் நடுமாடியில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போனதால்தான் தீ என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். நடுமாடிக்கு அன்று ஒரு பெண்ணும் போகவில்லை, போர்டு எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். நாளை மறுநாள் வியாழக்கிழமை தாசில்தார் விசாரணை. சிலிண்டர் இரவல், மண் கட்டி, போர்டை மறைத்தது, பூட்டு, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வழக்கு வரலாம். பத்திரத்தில் தங்கள் பெயரும் இருப்பதால் தங்களுக்கும் சம்மன் வரலாம். தாங்கள் எழுதிய யோசனையை நான் அங்கே சொல்லப்போவதில்லை, காலண்டரை மாட்டியது என் கைதான். மன்னிக்கவும். இந்த முடிவில் மாற்றமில்லை.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நூறு வயது வாழ, படிப்பில் சிறக்க, எந்த வீட்டில் இருந்தாலும் காற்றோட்டமாக இருக்க என் ஆசீர்வாதம்.

தங்கள்,
காசிராஜன்.

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி முடித்துக் கவருக்குள் வைக்கப் போகும் நேரம், தீயணைப்பு ஆபீஸ் ஆள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவர் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நம் கட்டடத்துக்குத் தீத்தடுப்புச் சான்று. எல்லா ஏற்பாடுகளும் முறைப்படி உள்ளன என்று போட்டு, முத்திரை குத்தி, ஒன்பதாம் தேதி, அதாவது தீப்பிடிப்பதற்கு மூன்று நாள் முன்பு, கையெழுத்தாகியிருக்கிறது. அத்தான், பொய் சொல்லவில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தத் தாள் ஒன்று போதும், நம் பேரில் குற்றமில்லை. ஆகவே மேலே எழுதியதை எழுதாததாகப் பாவித்து, கடிதத்தைக் கிழித்துப் போடவும் என்று எழுத உட்கார்ந்தேன்.

அந்த நேரம் அழகுத்தாய் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, இரண்டு கையிலும் கட்டோடு. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் சாய்ந்து நின்றே வந்தாளாம். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்: "அண்ணாச்சி, எங்க மேல தப்புன்னு முதலாளி எழுதிட்டாவளாம். கட்டடத்துல ஒரு குத்தமும் இல்லன்னா, அப்புறம் நாங்கதான செஞ்சோம்னு ஆகும்? நாங்க இஸ்திரிப் பெட்டி பக்கமே போகல. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அப்புறம், மிஷின் எப்ப ஓடும்னும் கேட்டுட்டு வரச் சொன்னாளுக." கோமதி காப்பி கொடுத்தாள். அழகுத்தாயால் டம்ளரைப் பிடிக்க முடியாததால் கோமதியே புகட்டி விட்டாள். நான் சான்றை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். அந்தச் சான்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இது தங்கள் கைக்கு வந்து சேரும்போது வியாழக்கிழமை தாண்டியிருக்கும். அதுவரை இது இந்த ஊரில் இருந்தால் என் கை அதைத் தாசில்தாரிடம் எடுத்து நீட்டிவிடும், எனக்கு என்னைத் தெரியும். தாங்கள் அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம்.